டாக்கா என்று இரண்டு சொற்கள்

எங்கள் வார்டில் நான் போர்வையைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் பணப்பையைத் திறக்கிறார்கள். கல்கத்தாவுக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியும் இது முழுதாக நின்றபாடில்லை. வங்காளத்தில் மூடுவதற்கு ஒரு சொல், பணத்துக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே டாக்காதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் வித்தியாசத்தை உங்களுக்கு என்னால் எழுதிக் காட்ட முடியாது; சொல்லத்தான் முடியும். மூடுகிற டாக்காவுக்குத் தொண்டை அதிர வேண்டும், கூடவே நெஞ்சிலிருந்து மூச்சும் கிளம்பி வர வேண்டும். பணத்துக்கு நாக்கு மட்டும் போதும். திண்டுக்கல்லில் பிறந்த என் நாக்குக்கு எல்லாமே பணமாகத்தான் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். அலிப்பூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். பார்வையாளர் நேரத்தில் ஒரு பெரியவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்துவிட்டது. நான் இரண்டு கையாலும் அவர் டிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மகனிடம், போர்த்தி விடுங்கள் என்கிற அர்த்தத்தில், “டாக்கா தின்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மெதுவாகப் பர்ஸை எடுத்து, “கொத்தோ?” என்றார். எவ்வளவு என்று கேட்கிறார். எவ்வளவு தூரத்துக்கு மூடுவது என்று கேட்பதாக நினைத்து நான், “ஷொப்டா” என்றேன். முழுசும். அந்த மனிதர் பர்ஸை அப்படியே கட்டில்மேல் வைத்துவிட்டு நேராக மேட்ரனிடம் புகார் சொல்லப் போய்விட்டார்.

என்னை அன்றைக்குக் காப்பாற்றியவர் ஷம்பாதி. பெயர் ஷம்பா, 'தி' என்றால் அக்கா. என்னைவிட மூத்தவர், அந்தப் பிரிவிலேயே நெடுநாளாக இருப்பவர். அவர் அந்த மகனின் கையைப் பிடித்து இழுத்துவந்து, “ஓ டாக்கா சாய்னி, டாக்கா போலேச்சே” என்றார். அவள் பணம் கேட்கவில்லை, மூடச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது, ஆனால் அந்த மனிதர் சிரித்துவிட்டார். பிறகு ஷம்பாதி மருந்து அறையில் வைத்து என் கையை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்து, “இங்கேருந்து மூச்சு வரணும். சொல்லு” என்று வங்காளத்தில் அதட்டினார். நான் சொன்னேன். “மறுபடியும் பணம் கேக்கறே” என்றார். அதிலிருந்து கொஞ்ச காலம் வார்டில் எனக்கு டாக்கா சிஸ்டர் என்று பெயர். வளர்மதி என்பது அவர்கள் வாயில் நுழையவில்லை. வெட்டிச் சுருக்கி மோதி ஆக்கிவிட்டார்கள். என் மகள் கயல், பள்ளியில் கோயெல் ஆகிவிட்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கும் நம் பெண்கள் சிலர் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் வேலையில் பிராக்டிஷனர் கோர்ஸ் என்று ஒரு மேற்பயிற்சி வந்திருக்கிறது. டாக்டர் எழுதியதைச் செய்வதோடு நிற்காமல், நோயாளியை நாமே பரிசோதித்து, மூச்சுக்கருவியை எவ்வளவு கூட்டுவது குறைப்பது என்று பார்த்து, முதல் முடிவை நாமே எடுத்து, பிறகு டாக்டரிடம் பொறுப்புச் சொல்லும் நிலைக்கு வருவதற்கான படிப்பு. இரண்டு வருடம். கையிலிருந்து கட்டிப் படிக்க முடிகிற கட்டணம் இல்லை. ஒரு அறக்கட்டளை எங்கள் மருத்துவமனைக்கு ஓர் இடத்துக்கான பணம் தர முன்வந்தது.

பணம் வந்தால் கூடவே நிபந்தனையும் வருமல்லவா? படிப்பவளைப் பயிற்சி நாட்களில் வார்டு வேலைக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் நிதி நின்றுவிடும். படித்து முடித்தவள் அதே பிரிவில் குறிப்பிட்ட காலம் இருந்தாக வேண்டும். இதை நாங்கள் பாண்டு என்போம். அடுத்த இடம் ஒரு பிரிவுக்குக் கிடைக்க வேண்டுமானால், முதலில் படித்து முடித்தவள் அங்கேயே வேலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வருகிறவளைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியது அவள்தான். யாரோ நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவளை வேலையில் போட்டு நசுக்கக் கூடாது, படித்தவள் ஓடிப்போகக் கூடாது, தனியாகவும் நிற்கக் கூடாது. ஒன்றே ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. பயிற்சி நாட்களில் அவள் விட்டுப்போகும் கட்டில்களை யார் பார்ப்பது? அதற்கு ஆள் போட நிதியில் வழியில்லை. பிரிவுக்குள்ளேயே சமாளித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அந்த முதல் இடம் ஷம்பாதிக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர். பட்டப்படிப்பை வேலையில் இருந்துகொண்டே முடித்தார், சான்றிதழ் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. “நீ முதல்ல போ. நான் அடுத்து வரேன்” என்றார். அடுத்தது என்றால் உண்மையிலேயே அடுத்ததுதான். அதையும் தவறவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். இது எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே தெரியும்.

நான் படித்த இரண்டு வருடமும் என் கட்டில்களைப் பார்த்தது பெரும்பாலும் அவர்தான். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. துர்கா பூஜை நாட்களில் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் டியூட்டி எடுத்துக்கொள்வோம், வங்காளிகள் வீட்டோடு இருப்பார்கள். பொங்கலுக்கு அவர்கள் எங்களுக்கு எடுப்பார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, ஆனால் மாறியதில்லை. பயிற்சிக் காலத்தில் பொங்கலுக்கு என் டியூட்டியை ஷம்பாதி எடுத்துக்கொண்டார். பூஜைக்கு அவருடையதை என்னால் எடுக்க முடியவில்லை. அஷ்டமி அன்று நான் வேறு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தேன். அவர் எங்கள் வார்டில் என் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் பையன் புதுச்சட்டை போட்ட படத்தை போனில் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடமும் அப்படியே. நான் மன்னிப்புக் கேட்டால், “உன் டியூட்டிக்கு நான் டாக்கா போடறேன், நீ படி” என்பார். மூடுகிற டாக்காவை டியூட்டிக்கு யாரும் சொல்வதில்லை. என்னைக் கிண்டல் பண்ணுவதற்காகவே சொல்வார். நான் லேக் மார்க்கெட்டில் புளி வாங்கிவந்து புளியோதரை கிண்டி டப்பாவில் கொண்டுபோவேன். அவருக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும், தின்பார்.

போன வருடக் கடைசியில் படிப்பை முடித்தேன். அதற்குள் ஷம்பாதிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, அடுத்த இடத்துக்கு அவர் பெயரைக் கேட்டுவிட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் லேக் கார்டன்ஸில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து படியேறுகிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் கணவர் நிற்கிறார். வங்கியில் வேலை. பதவி உயர்வோடு இந்த ஊருக்கு அனுப்பப்பட்டு, நடுவில் கிளை மாற்றமும் நீட்டிப்புமாக இங்கேயே தங்கிப்போனவர்.

“வளரு, ஆர்டர் வந்துருச்சு. திண்டுக்கல்லே குடுத்துட்டாங்க.”

இந்த ஆர்டருக்காக அவரைப் படுத்தி எடுத்தவள் நான். வருடா வருடம் விண்ணப்பம் எழுதச் சொல்லி, அவர் சோம்பினால் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தவள். ஆடி மாதக் காற்று, சிறுமலை வாழைப்பழம், அம்மா அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பஸ் ஏறிப் போய்விடுகிற தூரம், எல்லாவற்றையும் சொல்லி மூக்கைச் சிந்தியவள். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், நான் துள்ளிக் குதிப்பேன் என்று. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பாண்டு இருக்கேங்க.”

“பணத்தைக் கட்டுனா விட்டுருவாங்கல்ல? பிஎஃப்ல எடுத்துக் கட்டிருவோம்.”

“பணத்தைக் கட்டிரலாம். ஷம்பாதிக்கு எதைக் கட்டுறது?”

“நான் என்ன கேக்குறேன், ரூலை நீயா போட்ட? அதுக்கு நீ என்ன செய்வ?”

அவர் கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அந்த வாரம் முழுக்க ஷம்பாதி என் பழைய பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போனார். மூச்சுக்கருவி பற்றிய அத்தியாயத்தில் சந்தேகம் கேட்டார். எனக்கு மூத்தவர், என் முன்னால் ஒரு மாணவியைப் போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். வாயில் ஒன்று, மனதில் ஒன்று. என்னையே எனக்குப் பிடிக்காமல் போன வாரம் அது.

மேட்ரனிடம் போய்க் கேட்டும் பார்த்தேன். நான் போய்விட்டால் வேறு பிரிவின் டாக்டரையோ, பக்கத்து மருத்துவமனை பிராக்டிஷனரையோ வைத்து ஷம்பாதிக்கு மேற்பார்வை கொடுக்க முடியாதா என்று. அவர் நல்லவர். அறக்கட்டளையிடமும் கேட்டுச் சொன்னார், முடியாதாம். “இந்த நிபந்தனை உன்னை மாதிரிப் போகிறவளுக்காகத்தான் போட்டது” என்றார் ஆங்கிலத்தில், கோபமே இல்லாமல். “இதைத் தளர்த்தினால் எல்லோரும் போய்விடுவார்கள். அப்புறம் இங்கே படுத்திருப்பவர்களுக்கு யார்?”

கடைசியில் ஷம்பாதியிடம் சொல்லத் துணிந்தேன். மதியம், சாப்பாட்டு அறையில். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வங்காளத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், “ஷம்பாதி, ஆமார் போத்லி” என்று மட்டும் வந்தது. போத்லி என்றால் மாற்றல். எனக்கு மாற்றல் என்று சொன்னதாக நான் நினைத்தேன். எங்கள் வார்டில் டியூட்டி மாற்றிக்கொள்வதற்கும் அதே சொல்தான். அவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே இடது கையால் போனை எடுத்து டியூட்டி அட்டவணையைத் திறந்தார்.

“கொபே? ஆமி கொரே தேபோ.”

எப்போ? நான் பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு வருடப் பழக்கம் அது. என் வாயிலிருந்து மாற்றல் என்று வந்தால் அவர் கை தானாகவே அட்டவணைக்குப் போகிற அளவுக்கு நான் பழக்கி வைத்திருந்தேன். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

டியூட்டி இல்லை, வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல், எங்கள் ஊருக்கே, என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், எடுத்துச் சாப்பிடவில்லை.

“தாஹோலே ஆமார்டா?” என்றார். அப்போ என்னோடது?

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, “இங்கே கத்துக்கறவங்க எல்லாரும் போறாங்க. வெளிநாட்டுக்குப் போறா, பம்பாய் போறா. நீ ஊருக்குப் போறே. போகத்தானே செய்வே” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். வங்காளத்திலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு. சொல்லப்போனால் 'நீ'யிலேயே இரண்டு உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து என்னை, கூடப்பிறந்தவர்களை அழைக்கிற 'துய்' என்று அழைத்தவர், அன்று “ஆப்னி” என்றார். ஆறாம் கட்டிலுக்கு நீங்கள் வருகிறீர்களா, சிஸ்டர்? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த 'நீங்கள்' மூன்று நாள் நீடித்தது. மூன்றாம் நாள் வீட்டில், சத்தத்தைக் குறைத்து வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த என் கணவரிடம் சொன்னேன்.

“கயலை நீங்க கூட்டிட்டுப் போங்க. ஷம்பாதி முடிக்கிற வரைக்கும் நான் இங்க இருக்கேன்.”

“அந்தம்மாவுக்காகவா, உனக்காகவா?”

கேட்டார் பாருங்கள். பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனிதருக்கு எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியாதா? திண்டுக்கல் பக்கம் விசாரித்துப் பார்த்திருந்தேன். நான் படித்த வேலைக்கு அங்கே இடமே இல்லை. போனால் மறுபடியும் எழுதியதைச் செய்யும் நர்ஸ்தான். இங்கே ஒரு நோயாளியின் மூச்சு சீராவதைப் பார்த்துவிட்டு, கருவியை நானே ஒரு படி குறைத்து, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று, சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிகிற நேரம் இருக்கிறதே, அதற்கு நான் ஆசைப்பட்டுவிட்டேன். ஷம்பாதிக்காகத் தியாகம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

“ரெண்டுக்கும்தான்” என்றேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

கயலை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு இரவு டியூட்டி உண்டு. ஷம்பாதி படிக்கப் போனால் அவருடைய டியூட்டிகளிலும் பாதி எனக்குத்தான் வரும். ஆளில்லாத வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண்ணை விட முடியாது. இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, அவளுடைய பாதித் தமிழில் சொன்னாள்:

“ஊருக்குப் போணும் போணும்னு ஷொப் ஷொமோய் சொன்னது நீதானே மா? நான் சொல்லலையே. அப்ப நான் ஏன் போணும்?”

எப்பப் பார்த்தாலும் என்பதை வங்காளத்தில்தான் அவளால் சொல்ல முடிந்தது. இந்தப் பெண் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. சினேகிதிகள் எல்லோரும் இந்தத் தெருவில். அவளுக்கு எங்கள் ஊர் என்பது கோடை விடுமுறையில் கொசுக்கடியோடு வந்துபோகிற இடம். ஊர் வேண்டும் என்று ஏங்கியவள் இங்கே தங்குகிறேன், இந்த ஊரைத் தவிர வேறு அறியாதவளை மூட்டை கட்டி அங்கே அனுப்புகிறேன். ஒருத்தியின் பாரத்தை இறக்கப் போய் இன்னொருத்தியின் தலையில் ஏற்றினேன். அதுவும் தட்டிக் கேட்டாலும் தடுக்க முடியாத பிள்ளையின் தலையில்.

ஷம்பாதியிடம் உண்மையைச் சொல்லவில்லை. “பாண்டு இருக்கு ஷம்பாதி, விட மாட்டேங்கறாங்க. வீட்டுக்காரரும் கயலும் மட்டும் போறாங்க” என்றேன். பணம் கட்டினால் விடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். நிபந்தனையை எடுத்துப் போர்த்திக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்தார். பிறகு, “துய் கேயேச்சிஸ்?” என்றார். நீ சாப்பிட்டியா? 'நீ' திரும்ப வந்துவிட்டது. நான் சாப்பிட்டிருக்கவில்லை, ஆனால் சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். வேறெதையாவது பேசியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

போன வாரம் ஹௌராவில் தெற்கே போகிற ரயிலில் அவர்களை ஏற்றினேன். குளிர்பெட்டி. கயலுக்கு மேல் படுக்கை, அவள் அப்பாவுக்கு நடைபாதை ஓரம். கீழே ஒரு வங்காளி அம்மாள், மகனைப் பார்க்க வேலூர் வரை போகிறாராம். கயலுக்குத் தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற பழக்கம். அவள் அப்பா படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எனவே அந்த அம்மாளிடம் கேட்டேன். கேட்கும்போதே கையைப் பைமேல் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று பயம்தான்.

“ராத்திரே ஓகே ஏக்டு டாக்கா தேபேன்.”

ராத்திரி இவளைக் கொஞ்சம் போர்த்தி விடுங்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசியதில், ஷம்பாதி கையை வைத்துக் காட்டிய இடத்திலிருந்து மூச்சு தானாகக் கிளம்பி அந்த எழுத்தோடு வந்துவிட்டது. அந்த அம்மாள் பையைத் தொடவில்லை. “தேபோ, தேபோ. சிந்தா கொர்பேன் நா” என்றார். போர்த்துகிறேன், கவலைப்படாதீர்கள்.

மேலிருந்து கயல் தலையை நீட்டினாள். காலையிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவள்.

“மா, இப்பதான் சரியா சொன்ன.”

விசில் அடித்துவிட்டார்கள். நான் இறங்கினேன். கண்ணாடிக்கு வெளியே நின்றால் உள்ளே எதுவும் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. எங்கள் ஊருக்குப் போகிற ரயில் ஊர்க்காரியை நடைமேடையில் விட்டுவிட்டு, ஒரு கல்கத்தாக்காரியை ஏற்றிக்கொண்டு போனது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அலிப்பூருக்குப் பஸ் பிடித்தேன். அன்று ஷம்பாதிக்குப் பயிற்சியின் முதல் நாள்; அவருடைய கட்டில்கள் எனக்கு.